கலிப்போலியில் விடுபட்ட மூன்றாவது கோர்

ஆசிரியருக்கு,

முதல் உலகப் போர் பற்றிய உங்கள் தொடரில், துருக்கியின் கலிப்போலி தீபகற்பத்தில் 1915இல் நடந்த போர் பற்றிய பகுதியைப் படித்தேன். ஆஸ்திரேலிய, நியூசிலாந்து வீரர்கள் பட்ட பாடு உருக்கமாக வந்திருக்கிறது. ஆனால் எதிர்ப்பக்கத்தில் பின்னாளில் துருக்கியின் முதல் அதிபரான முஸ்தபா கெமால் ஒருவர் மட்டுமே நிற்கிறார். அவருடைய டிவிஷன் அடங்கியிருந்த பெரும்படை, ஒட்டோமான் (துருக்கிப் பேரரசின்) மூன்றாவது கோர் (corps, பல டிவிஷன்கள் சேர்ந்தது), கட்டுரையில் எங்கும் இல்லை. அதன் தளபதி எஸாத் பாஷாவின் பெயர்கூட இல்லை. இது எனக்குப் பெரிய வருத்தம்.

1912இல் பால்கன் போரில், கிர்க்லரேலி நகரருகே பல்கேரியர்களிடம் சிதறிப்போன படை அது. எஸாத் பாஷாவும் தோல்வியின் வலி அறிந்தவர்தான். தாம் பிறந்த யானினா நகரை மாதக்கணக்கில் காத்து நின்று, 1913 மார்ச்சில் கிரேக்கர்களிடம் கைதியானார். அப்படி அடிபட்டுத் தேறியவர்கள்தான் இரண்டே ஆண்டில் கலிப்போலியில் நின்றார்கள். இதைச் சொல்லாமல் அந்த வெற்றியை எப்படி விளக்க முடியும்?

1915 ஏப்ரல் 25 காலையையே எடுத்துக்கொள்ளுங்கள். கலிப்போலியைக் காத்த ஒட்டோமான் ஐந்தாம் ராணுவத்தின் தளபதி, ஜெர்மானியரான லிமான் வான் சாண்டர்ஸ், உண்மையான தாக்குதல் வடக்கே பொலாயிரில்தான் வரும் என்று நம்பி அங்கே போய்விட்டார். ஆஸ்திரேலிய, நியூசிலாந்து வீரர்கள் இறங்கிய அரிபுர்னு கரையில் முதல் அடியைத் தாங்கியது கெமாலின் படை அல்ல, இதே மூன்றாவது கோரைச் சேர்ந்த ஒன்பதாவது டிவிஷனின் 27ஆம் ரெஜிமென்ட். லெப்டினன்ட் கர்னல் ஷெஃபிக் தலைமையில் அதன் இரண்டு பட்டாலியன்கள் மைடோஸ் ஊர்ப் பக்கமிருந்து விரைந்து வந்தன. முந்தின இரவுதான் பயிற்சி முடித்துத் திரும்பிய ஆட்கள்! சுமார் 2,000 பேர், தங்களைவிடப் பல மடங்கு பெரிய படையைக் குன்றுகளில் மறித்தார்கள். உதவிக்கு ஒரு பட்டாலியன் கேட்டபோது கெமால் 57ஆம் ரெஜிமென்டை முழுதாகவே நடத்தி வந்தார். அது அவர் பெருமைதான், மறுக்கவில்லை. மேலிடத்து உத்தரவுக்குக் காத்திராத அந்த முடிவை ஏற்று, அவருடைய மற்ற ரெஜிமென்ட்களையும் களத்தில் இறக்க ஒப்புதல் தந்தவர் எஸாத் பாஷா. அந்த ரெஜிமென்ட்களான 72, 77 இரண்டிலும் பெரும்பாலும் அரபு வீரர்கள். கலிப்போலியைத் 'துருக்கியர் வெற்றி' என்று எழுதும்போது அவர்கள் காணாமல் போகிறார்கள்.

புகழ் மட்டும் பாடச் சொல்லவில்லை. மே 19 அன்று எஸாத் பாஷாவின் கீழ் நடந்த தாக்குதலில் ஒட்டோமான் வீரர்கள் ஏறக்குறைய 10,000 பேர் அடிபட்டு விழுந்தார்கள். அவர்களில் 3,000 பேர் செத்தார்கள். ஐந்து நாள் கழித்து, பிணங்களைப் புதைப்பதற்காகவே இரு தரப்பும் சண்டையை நிறுத்த வேண்டியதாயிற்று. இதற்கும் கட்டுரையில் ஒரு வரி இல்லை.

அடுத்த பகுதியில் ஆகஸ்ட் சண்டைகள் வருவதாக அறிவித்திருக்கிறீர்கள். ஆகஸ்ட் 10 விடியலில் சொங்க்பாயிர் முகட்டை மீட்ட தாக்குதலில் எட்டாவது டிவிஷனின் வீரர்கள் இருந்தார்கள். போர் தொடங்கியபோது அதுவும் இந்த மூன்றாவது கோரைச் சேர்ந்ததுதான். கெமாலின் சட்டைப்பைக் கடிகாரத்தில் குண்டுச்சிதறல் பட்ட கதையோடு, அவர் பின்னால் ஓடிவந்தவர்கள் யார் என்பதையும் கட்டுரையாளர் எழுத வேண்டுகிறேன்.

ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்,
தஞ்சாவூர்