ஹெல்லெசில்டிலிருந்து மகளுக்கு

அன்பு மகளுக்கு,

ஞாயிற்றுக்கிழமை நீ கேட்டதற்கு அப்பா "பார்ப்போம்" என்று சொல்லி ஃபோனை வைத்துவிட்டார். அப்படி ஒரு சொல்லில் முடிக்கிற விஷயம் இல்லை அது. திரும்ப ஃபோன் எடுத்தால் நீ அழுவாய், நானும் அழுவேன், சொல்ல வந்தது தொண்டையிலேயே நின்றுவிடும். அதனால்தான் எழுதுகிறேன்.

"அந்த மலைக்குக் கீழே இருந்தது போதும், ஒஸ்லோவுக்கு வாங்கோ" என்கிறாய். ஓக்கர்நேசெ மலையைப் பற்றிச் செய்தி வரும்போதெல்லாம் உனக்கு நித்திரை வருவதில்லை என்று எனக்குத் தெரியும். வீணாகப் பயப்படுகிறாய் என்று நான் சொல்லமாட்டேன். அந்தச் சரிவு வருடத்துக்குச் சில சென்ரிமீற்றர் இறங்கிக்கொண்டுதான் இருக்கிறது. 54 மில்லியன் கனமீற்றர் பாறை வரை ஃபியோர்டுக்குள், மலைகளுக்கு நடுவே நீண்டு வந்திருக்கிற இந்தக் கடலுக்குள், விழக்கூடும் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். அப்படி விழுந்தால் அலை எங்கள் ஹெல்லெசில்டுக்கு வர ஐந்து நிமிடம் போதும். படகுத்துறை, கடை, அருவிக்குக் கீழே உள்ள வீடுகள் ஒன்றும் மிஞ்சாது. இவ்வளவும் தெரிந்துகொண்டுதான் இங்கே இருக்கிறோம்.

2004 டிசம்பர் உனக்கு எவ்வளவு ஞாபகம் இருக்கிறதோ தெரியாது, நீ அப்போது சின்னப்பிள்ளை. கிறிஸ்மஸுக்கு மறுநாள் முல்லைத்தீவில் சின்னம்மாவையும் மச்சான்மார் இரண்டு பேரையும் கடல் கொண்டுபோனது. சுமத்திராவில் பூமி அதிர்ந்தது இலங்கை நேரப்படி காலை ஏழு மணியளவில். அந்தக் கரைக்கு அலை வர ஒன்றரை மணித்தியாலத்துக்கு மேல் எடுத்தது. ஒன்றரை மணித்தியாலம்! சின்னம்மா மெதுவாக நடந்தே உள்ளுக்குப் போயிருக்கலாம். அவவிடம் சொல்ல ஒருவரும் இருக்கவில்லை. கடல் வந்ததை விட, சொல்ல ஆள் இல்லாமல் போனதுதான் இன்றைக்கும் என் நெஞ்சை அறுக்கிறது.

அந்தக் கிழமை பக்கத்து வீட்டு அம்மா பனிக்குள்ளால் நடந்து வந்தா. சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு நேரே அடுப்படிக்கு வந்து இருந்தா. துணியில் சுற்றிக் கொண்டுவந்த வாஃபிளை மேசையில் வைத்தா. அதில் இன்னும் சூடு இருந்தது. நோர்வே ஆட்களும் 84 பேர் அந்த அலையில் போனார்கள், பெரும்பாலும் தாய்லாந்தில். நாடே துக்கத்தில் இருந்த நேரம். அவ ஆறுதல் வார்த்தை எதுவும் சொல்லவில்லை. இந்தப் பக்கத்திலேயே இருக்கிற தாஃபியோர்ட் என்ற ஊரின் கதையைச் சொன்னா.

1934 ஏப்ரல் 7, விடியப்புறம் மூன்று மணி. ஏறக்குறைய 700 மீற்றர் உயரத்திலிருந்து மலையின் ஒரு துண்டு கழன்று ஃபியோர்டுக்குள் விழுந்தது. மூன்று அலைகள். தாஃபியோர்டிலும் ஃபியோரோவிலும் சேர்த்து 40 பேர் நித்திரைப் பாயிலிருந்து எழும்பியும் எழும்பாமலும் போனார்கள். மேலே வெடிப்பு இருப்பது ஊரில் பலருக்கு முன்பே தெரியும், ஆனால் அதை அளந்து பார்க்க ஒருவரும் இல்லை என்று சொல்லிவிட்டு அவ என் கையைப் பிடித்தா. அவவின் தாய் அந்தப் பக்கத்துப் பெண். எங்கள் வீட்டுச் சாவு என்னவென்று விளங்கிய ஒரு மனுஷி அன்றைக்கு என் அடுப்படியில் இருந்தா. அதன்பிறகுதான் இது எனக்கும் ஊர் ஆனது.

நீ வரும் வழியில் ஸ்திரீனுக்குப் பக்கத்தில் இருக்கிற லோயன் ஊரையும் நினைத்துப் பார். 1905 இல் மலை ஏரிக்குள் விழுந்து 61 பேர் செத்தார்கள். மிஞ்சியவர்கள் அதே கரையில் திரும்ப வீடு கட்டினார்கள். 1936 இல் அதே மலை திரும்ப விழுந்து 74 பேரைக் கொன்றது. இங்கேயும் அப்படி மலையை ஒருவரும் கவனிக்காமல் இருந்திருந்தால் நானே அப்பாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஒஸ்லோவுக்கு வந்திருப்பேன்.

இப்போது அப்படி இல்லை. ஓக்கர்நேசெயில் வெடிப்பு அகன்று வருகிறது என்று முதலில் கவனித்துச் சொன்னதே இங்கத்தைய சனங்கள்தான், அது 1980களில். இன்றைக்கு அந்தப் பாறை முழுக்கக் கருவிகள். வெடிப்புக்குக் குறுக்கே அளவுக்கம்பிகள், ஜிபிஎஸ், ராடர், துளை போட்டு ஆழத்தில் இறக்கிய உணரிகள் என்று ஒன்று விட்டால் ஒன்று பார்க்கும். இவ்வளவு பெரிய மலை சொல்லாமல் விழாது, விழுவதற்கு முன் அதன் வேகம் கூடும். வேகம் கூடினால் பல நாட்களுக்கு முன்பே ஊரைக் காலி பண்ணுவார்கள். வீடு போகும், சாமான் போகும், ஆட்கள் இருப்போம். சின்னம்மாவுக்குக் கிடைக்காத அந்த ஒரு சொல் எனக்குக் கிடைக்கும் என்று நான் நம்புகிறேன், பிள்ளை. சில நூறு பேர் இருக்கிற கரைக்கும் இப்படிக் காவல் போடுகிற நாட்டை விட்டுக்கொடுக்க எனக்கு மனம் வருவதில்லை.

நீ சொன்ன மற்றது, ஆஸ்பத்திரி தூரம் என்பது. உண்மைதான், வொல்டாவுக்கு ஏறக்குறைய ஒரு மணித்தியாலம், பனிச்சரிவு வந்தால் பாதையே மூடிவிடும். போன மாரியில் அப்பாவுக்கு மூச்சு வாங்கிய இரவில் மேல்வீட்டுப் பெடியன் உழவு இயந்திரத்தைக் கொண்டுவந்து எங்கள் முற்றத்திலிருந்து பெரிய றோட்டு வரை பனியைத் தள்ளிவிட்டுத்தான் படுக்கப் போனான். ஒருவரும் அவனைக் கூப்பிடவில்லை, வெளிச்சத்தைப் பார்த்து வந்தானாம். ஒஸ்லோவில் ஆஸ்பத்திரி பக்கத்தில் இருக்கும், சரி. நடுச்சாமத்தில் எங்கள் யன்னல் வெளிச்சத்தை யார் கவனிப்பார்கள்?

வடக்கே ஃபின்மார்க்கில் மீன் வெட்டப் போன எங்கள் ஆட்கள் பலர் கொட் மீன் குறைந்த காலத்தில் தெற்கே ஒஸ்லோவுக்கு இறங்கினார்கள். அப்பா மட்டும் கடலும் மலையும் சேர்ந்த இடம் வேண்டும் என்று இங்கே வந்தார். டிசம்பரில் பத்து மணிக்கு விடிந்து மூன்று மணிக்கு இருளும்போது எனக்கும் கோயிலும் தமிழ்ச் சத்தமும் தேவைப்படுகிறது, அதை மறைக்கமாட்டேன். பேரப்பிள்ளைகள் வளர்வதை ஃபோனில் பார்க்கிற வேதனையும் இருக்கிறது. இந்த இரண்டுக்கும் என்னிடம் பதில் இல்லை. அப்பாவுக்கு வாகனம் ஓட ஏலாத காலம் வந்தால் திரும்பக் கதைப்போம். மலைக்குப் பயந்து மட்டும் வரச்சொல்லாதே.

ஈஸ்டருக்கு நிச்சயம் வாருங்கள். மலைப்பாதை திறந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு வெளிக்கிடுங்கள், குளிர்காலச் சக்கரத்தைக் கழற்ற வேண்டாம். மிளகாய்த்தூள் முடிந்துவிட்டது, இரண்டு கிலோ கொண்டு வா. மூத்தவனுக்கு இப்போது விளங்குகிற வயது. ஜனவரியிலும் ஜூனிலும் இரண்டாவது புதன்கிழமை மதியம் 12 மணிக்கு ஒஸ்லோவிலும் சோதனைக்குச் சைரன் ஒலிக்கும்போது அது என்னத்துக்கு என்று அவனுக்குச் சொல்லிவை. இங்கே வந்ததும் எங்கள் வீட்டிலிருந்து எந்தப் பாதையால் மேலே ஏற வேண்டும் என்று நானே நடத்திக் காட்டுகிறேன்.

அன்புடன்,
அம்மா