பழைய மொனிற்றரை எறிய வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

புதிய கணினி வந்ததும் 15 ஊசிச் செருகியுள்ள வி.ஜி.ஏ. மொனிற்றரை வன்னியில் எவரும் எறிந்துவிட வேண்டாம். முதலில் வீடியோ கார்ட்டில் மொனிற்றர் வயர் செருகும் டி.வி.ஐ. துளையைப் பாருங்கள். தட்டையான நீள்துளையைச் சுற்றி நான்கு சிறுதுளைகள் இருந்தால் வி.ஜி.ஏ. மொனிற்றருக்குத் தேவையான அனலொக் சமிக்ஞை வரும். டி.வி.ஐ.யை வி.ஜி.ஏ.யாக்கும் மலிவான சாதாரண அடப்ரரே போதும். அந்த நான்கு துளைகளும் இல்லையென்றால் அடப்ரரின் ஊசியை வளைத்துச் செருகினாலும் படம் வராது, துளைதான் சேதமாகும். 2016இல் வந்த ஜி.டி.எக்ஸ். 1080 போன்ற கார்ட்டுகளில் அனலொக் அறவே இல்லை. அவற்றுக்கு எச்.டி.எம்.ஐ.யை வி.ஜி.ஏ.யாக மாற்றும், உள்ளே சில்லுள்ள கருவி வேண்டும். எதிர்த்திசையில் மாற்றும் கருவியும் பார்வைக்கு அப்படியே இருக்கும். பெயரை வாசித்து வாங்குங்கள். படம் விட்டுவிட்டு வந்தால் கருவிக்கு மின்சாரம் போதாமல் இருக்கலாம், மின்சாரம் எடுக்க யூ.எஸ்.பி. வயருள்ளதை எடுங்கள். 'அவுட் ஒஃப் ரேஞ்ச்' என்று திரை காட்டினால் கருவியில் பிழையில்லை, கணினி அனுப்பும் அளவு மொனிற்றருக்கு ஒத்துவரவில்லை: 17 அங்குலச் சதுர எல்.சி.டி.க்கு கணினியின் திரை அமைப்பில் 1280×1024, 60 ஹேர்ட்ஸ் வையுங்கள்.

கணினி திருத்துநர்,
கிளிநொச்சி.