ஒரு ஏரி, ஒரு கடற்கரை போதும் கயல்

அன்புள்ள கயல்,

நீ அனுப்பிய இத்தாலிப் பயணத் திட்டத்தை அம்மாவும் நானும் உட்கார்ந்து பார்த்தோம். கோமோ ஏரி, கார்டா ஏரி, வெனிஸ், சின்குவே தெர்ரே கடற்கரை, அமால்ஃபி, திரும்ப மிலான். எல்லாம் ஒன்பது நாளில். "இதில் எந்த நாள் துணி துவைப்பார்கள்?" என்று அம்மா கேட்டாள். எனக்கு அதைவிடப் பெரிய கேள்வி. கோமோ ஆல்ப்ஸ் அடிவாரத்தில் இருக்கிறது, அமால்ஃபி நேப்பிள்ஸுக்கும் தெற்கே. மிலானிலிருந்து நேப்பிள்ஸுக்கு அதிவேக ரயிலிலேயே நாலரை மணி நேரம். அதற்கப்புறம் மலையைக் குடைந்த சாலையில் பேருந்து. ஆறு வயசுப் பையனையும், முட்டி வலியோடு வரும் உன் அத்தையையும் வைத்துக்கொண்டு இதைச் செய்தால் பாதி விடுமுறை பெட்டியை இழுப்பதிலேயே போய்விடும்.

ஒரு ஏரி, ஒரு கடற்கரை. இதுதான் என் யோசனை. ஏரிக்குக் கோமோ கரையில் உள்ள வரென்னா, கடலுக்குச் சின்குவே தெர்ரேயை ஒட்டிய லெவான்தோ. மிலானில் இறங்குங்கள், பீசாவில் விமானம் ஏறுங்கள். நடுவில் ஒரே ஒரு முறை இடம் மாறினால் போதும். நான் வேலை செய்த கப்பல் ஜெனோவாவில் பழுது பார்க்க டிரை டாக்கில் நின்ற நாட்களில் ஞாயிற்றுக்கிழமை கிடைத்தால் போதும், ரயிலேறிவிடுவேன். ஏரிப் பக்கமும் கடற்கரைப் பக்கமும் அப்படிச் சுற்றியவன் என்ற உரிமையில்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் மாதம். ஆகஸ்டு வேண்டாம். ஆகஸ்டு 15 அவர்களுக்குப் பெரிய விடுமுறை நாள். அதை ஒட்டி நாடே கடற்கரைக்கு வந்துவிடும். வாடகையும் ஏறும், வெயிலும் ஏறும். மே கடைசியில் பிள்ளைக்குப் பள்ளி விடுமுறை வருகிறதே, அதைப் பிடி. சனிக்கிழமை கிளம்பி அடுத்த ஞாயிறு திரும்பினால் அதே ஒன்பது நாள்தான். ஜூன் 2 அவர்களின் குடியரசு தினம், அதையொட்டிக் கூட்டம் கூடும், அதற்குள் முடித்துவிடப் பார். கடல் நீர் அப்போது இன்னும் குளிராகத்தான் இருக்கும். பர்மிங்காமில் வளர்கிற பையன், அதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை.

மிலான் சென்ட்ரல் நிலையத்திலிருந்து திரானோ போகும் ரயிலில் ஏறினால் ஒரு மணி நேரத்தில் வரென்னா. இடது பக்க ஜன்னலைப் பிடித்துக்கொள்ளுங்கள். லேக்கோ தாண்டியதும் ஏரி அந்தப் பக்கம்தான் வரும். கோமோ ஏரி தலைகீழாக வைத்த ஆங்கில ஒய் எழுத்து மாதிரி. இரண்டு கால்களும் பிரியும் முனையில் பெல்லாஜியோ, கிழக்குக் கரையில் வரென்னா, மேற்குக் கரையில் மெனாஜ்ஜோ. இந்த மூன்றையும் படகுகள் நாள் முழுக்கச் சுற்றி வருகின்றன. ஒரு கரையிலிருந்து அடுத்த கரைக்குப் பதினைந்து நிமிடம். எல்லோரும் பெல்லாஜியோவில் அறை தேடுவார்கள். நீ தேடாதே. அங்கே ரயில் கிடையாது, ஊரோ படிக்கட்டும் சரிவுமாக இருக்கும். வரென்னாவில் தங்கி, பெல்லாஜியோவைப் படகில் போய்ப் பார்த்துவிட்டு வரலாம். அங்கேயும் அத்தைக்கு வில்லா மெல்ஸி தோட்டம் போதும். ஏரியை ஒட்டிய சமதரை, உட்கார இடம் உண்டு.

விரைவுப் படகு என்று ஒன்று இருக்கிறது. மூடிய கண்ணாடிக்குள் உட்காரவைத்துக் கொண்டுபோய் விடுவார்கள். அதில் ஏறவே ஏறாதே. மெதுவாகப் போகும் பெரிய படகில் மேல்தளம் திறந்திருக்கும், காசும் குறைவு. நடு ஏரிப் பகுதிக்கு ஒரு நாள் சீட்டு கேட்டால் கொடுப்பார்கள். அதை வைத்துக்கொண்டு விருப்பம்போல் ஏறி இறங்கலாம்.

பேரனிடம் ஒரு வேலை கொடு. காலையில் காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது, மத்தியானம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பார்த்து எனக்கு எழுதச் சொல். அந்த ஏரியில் காலையில் வடக்கிலிருந்து வீசுவதற்கு திவானோ என்று பெயர், மத்தியானத்துக்கு மேல் தெற்கிலிருந்து வருவதற்கு பிரேவா. வெயிலில் மலைச்சரிவு சூடாகிக் காற்று மேலே ஏறும், அந்த இடத்தை நிரப்பச் சமவெளியிலிருந்து காற்று உள்ளே இழுக்கப்படும். ராத்திரி மலை குளிர்ந்ததும் அதே காற்று திரும்பி இறங்கும். நம் தூத்துக்குடியில் கடல்காற்று, கரைக்காற்று என்று அவனுக்குக் காட்டினேனே, அதே கதைதான். இங்கே கடலுக்குப் பதில் மலை வேலை செய்கிறது.

வரென்னாவிலேயே வில்லா மொனாஸ்தேரோ என்று ஒரு மாளிகையும் ஏரியோரத் தோட்டமும் இருக்கின்றன. இயற்பியல் படித்த மாப்பிள்ளைக்கு அது பிடிக்கும். 1953 முதல் அங்கே உலக இயற்பியலாளர்களுக்குக் கோடைப் பள்ளி நடக்கிறது. 1954-இல் அணு விஞ்ஞானி என்ரிக்கோ ஃபெர்மி அங்கே வந்து பாடம் எடுத்தார். இப்போது அந்தப் பள்ளிக்கே அவர் பெயர்தான். ஊருக்குக் கொஞ்சம் தெற்கே ஃபியுமெலாத்தே என்று ஓர் ஆறு. குகையில் பிறந்து, பால் மாதிரி நுரைத்துக்கொண்டு சுமார் 250 மீட்டர் ஓடி, ஏரியில் கலந்துவிடும். முழு ஆறும் அவ்வளவுதான். குளிர்காலத்தில் வற்றிவிடும், மேயில் ஓடும். எதிர்க்கரையில் லென்னோ பக்கம் வில்லா தெல் பல்பியானெல்லோ. 1973-இல் முதல் இத்தாலிய எவரெஸ்ட் பயணத்தை நடத்திய குயிதோ மொன்சீனோவின் வீடு. வாரத்தில் சில நாள் மூடியிருக்கும், பார்த்துக்கொண்டு போ.

கார்டா? அது இத்தாலியிலேயே பெரிய ஏரி, சுமார் 370 சதுர கிலோமீட்டர். பையனுக்கு அங்கே பெரிய பொழுதுபோக்குப் பூங்காவும் இருக்கிறது. அதனால்தான் திட்டத்தில் நுழைந்திருக்கிறது என்று எனக்குத் தெரியும். ராட்டினம் ஏற பர்மிங்காமிலிருந்து பறக்க வேண்டுமா? வெனிஸும் அப்படித்தான், அரைநாளில் ஓடி வந்து பார்க்கிற ஊர் இல்லை அது.

அமால்ஃபியை வெட்டச் சொல்வதுதான் எனக்கே கஷ்டம். ஒரு காலத்தில் அது தனிக் கடல் வணிகக் குடியரசு. இத்தாலியக் கப்பல்களின் கொடி நடுவே நான்கு சின்னங்கள் இருக்கும்: வெனிஸ், ஜெனோவா, பீசா, அமால்ஃபி. போர்க்கப்பல் கொடியில் வெனிஸின் சிங்கம் வாள் பிடித்திருக்கும், வணிகக் கப்பல் கொடியில் புத்தகம் வைத்திருக்கும். அந்தச் சின்ன வித்தியாசத்தைத் தேடிப் பார்ப்பதில் எனக்கு எப்போதுமே ஒரு சந்தோஷம். ஆனால் அமால்ஃபிக்குப் போனால் எரிமலையில் புதைந்த பழைய ஊர் பொம்பெயியும் நேப்பிள்ஸும் பார்க்காமல் வரக்கூடாது. அதை இன்னொரு வருஷத்துக்கு வை. அப்போது அம்மாவும் நானும் வருகிறோம்.

சரி, கடற்கரைக்கு வருவோம். வரென்னாவிலிருந்து மிலான், அங்கிருந்து ஜெனோவா வழியாக லெவான்தோ. மிலானிலிருந்து மட்டும் மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட ஆகும். ஜெனோவா தாண்டியதும் கடல் வலது பக்கம். சுரங்கம், கடல், சுரங்கம், கடல் என்று மாறி மாறி வரும். நேரம் இருந்தால் நடுவில் கமோலியில் இறங்குங்கள். பாய்மரக் கப்பல் காலத்தில் பெரிய கப்பல் படையே வைத்திருந்த ஊர். வீட்டுச் சுவர்களில் பல ஜன்னல்களும் வேலைப்பாடுகளும் நிஜம் இல்லை, சாயத்தில் தீட்டியவை. எது நிஜ ஜன்னல் என்று பையனோடு பந்தயம் கட்டு.

சின்குவே தெர்ரே என்பது ஐந்து ஊர்கள்: மொந்தெரொஸ்ஸோ, வெர்நாஸ்ஸா, கொர்னீலியா, மனரோலா, ரியோமஜ்ஜோரே. 1997-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. அதில் சேர்ந்த காரணத்தை நின்று பார்க்க வேண்டும். வர்ணம் பூசிய வீடுகளைத்தான் எல்லோரும் படம் எடுக்கிறார்கள். மேலே மலையைப் பார். சாந்தே இல்லாமல் கல்லின் மேல் கல்லடுக்கி, செங்குத்தான சரிவை வரப்பு வரப்பாக வெட்டித் திராட்சை போட்டிருக்கிறார்கள். நூற்றாண்டுகளாக நடந்த வேலை. ஆள் பராமரிக்காமல் விட்டால் சுவர் சரியும், சுவர் சரிந்தால் மலையே இறங்கும். 2011 அக்டோபர் 25 அன்று கொட்டிய மழையில் வெர்நாஸ்ஸாவும் மொந்தெரொஸ்ஸோவும் சேற்றில் புதைந்தன, உயிர்களும் போயின. இன்றும் மழை எச்சரிக்கை வந்தால் நடைபாதைகளை மூடிவிடுவார்கள். செருப்பு போட்டுக்கொண்டு மலைப்பாதையில் நடந்தால் அபராதம், எல்லோருக்கும் ஷூ எடுத்து வை. ரியோமஜ்ஜோரேவையும் மனரோலாவையும் இணைக்கும் காதல் பாதை 2012-இல் பாறை விழுந்து மூடப்பட்டு, 2024-இல்தான் திறந்தது. அதற்கு நேரம் குறித்துத் தனியாக முன்பதிவு செய்ய வேண்டும். அது ஓரளவு சமமான பாதை, அத்தையால் முடியும்.

கொர்னீலியா மட்டும் கடல் மட்டத்திலிருந்து சுமார் நூறு மீட்டர் உயரத்தில் உட்கார்ந்திருக்கிறது. ரயில் நிலையத்திலிருந்து மேலே ஊருக்கு 382 படிகள். "பார்த்துக்கலாம்" என்று அத்தை சொல்வார்கள், நம்பாதே. நிலையத்திலிருந்து சிறு பேருந்து ஓடுகிறது, அதில் ஏற்று. மற்ற ஊர்களுக்குள் ரயிலில் சில நிமிடங்கள்தான். லெவான்தோவிலிருந்து லா ஸ்பேசியா வரை எத்தனை முறை வேண்டுமானாலும் ஏறி இறங்க ஒரு நாள் அட்டை உண்டு, நடைபாதைக் கட்டணமும் அதிலேயே அடக்கம். ஒரு நாளாவது படகில் போங்கள். அந்த ஊர்கள் கடலைப் பார்த்துக் கட்டியவை, கடலிலிருந்து பார்த்தால்தான் முகம் தெரியும். தென்மேற்கிலிருந்து லிபெச்சோ காற்று கிளம்பினால் அலை எழும்பிப் படகை நிறுத்திவிடுவார்கள். நிறுத்தினால் சண்டை போடாதீர்கள், அவர்களுக்குத் தெரியும்.

லெவான்தோவில் தங்கச் சொல்வதற்குக் காரணம், அது ஐந்து ஊர்களுக்கு வெளியே, சமதரையில், அகலமான கடற்கரையோடு இருக்கிறது. வாடகையும் ஐந்து ஊர்களைவிடக் குறைவு. அங்கிருந்து பொனஸ்ஸோலா பக்கம் பழைய ரயில் பாதையைச் சைக்கிளும் நடையும் போகும் வழியாக மாற்றியிருக்கிறார்கள். பழைய சுரங்கங்களுக்குள்ளேயே நடந்து போகலாம், ஏற்றமே இல்லை. எனக்குக் கேட்டால் அத்தைக்கும் பேரனுக்கும் இந்தப் பயணத்தில் இதுதான் பிடிக்கப்போகிறது.

சாப்பாடு. அத்தை சுத்த சைவம். ஃபரினாத்தா கேள். கடலை மாவு, தண்ணீர், ஆலிவ் எண்ணெய், உப்பு, அவ்வளவுதான். அடுப்பில் சுட்டுக் கொடுப்பார்கள். ஃபொக்காச்சியா ரொட்டியும் பயமில்லை. பச்சிலையை அரைத்துச் செய்யும் பெஸ்தோ சட்னியில் பாலாடைக்கட்டி உண்டு. பார்மசான் வகைப் பாலாடைக்கட்டிகளைக் கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னட்டை வைத்துத்தான் உறையவைக்கிறார்கள். இதை அத்தையிடம் முன்னாலேயே சொல்லிவிடு, சாப்பிடுவதா வேண்டாமா என்று அவர்கள் முடிவு செய்யட்டும். நீ ஏரிக்கரையில் மிஸ்ஸோல்தீனி என்று கேட்டுச் சாப்பிட்டுப் பார். ஏரி மீனை உப்பிட்டு, வெயிலில் காயவைத்து, பிரியாணி இலையோடு அழுத்தி வைத்துச் சுட்டுத் தருவார்கள். அம்மாவிடம் சொன்னால் "கருவாடு சாப்பிட இத்தாலிக்குப் போகணுமா" என்பாள். பில்லில் கொபேர்த்தோ என்று தலைக்கு ஒரு தொகை இருக்கும், அது ஏமாற்று இல்லை, அங்கே வழக்கம். தங்குமிடத்தில் ஆளுக்கு ஒரு ராத்திரிக்கு இவ்வளவு என்று நகர வரியும் தனியாகக் கேட்பார்கள்.

அடுத்து, மாப்பிள்ளையின் வாடகைக் கார். இதை நீயே பக்குவமாகச் சொல்லு. பல ஊர்களின் பழைய பகுதிக்குள் வெளியாள் கார் நுழையக்கூடாது, நுழைந்தால் கேமரா பிடிக்கும், மாதங்கள் கழித்து பர்மிங்காம் வீட்டுக்கு அபராதக் கடிதம் வரும். சின்குவே தெர்ரேவில் காரை நிறுத்த இடமும் இல்லை, ஓட்ட வழியும் இல்லை. ரயில் சீட்டில் மட்டும் கவனம்: உள்ளூர் ரயிலுக்குக் காகிதச் சீட்டு வாங்கினால் ஏறுவதற்கு முன் நடைமேடை இயந்திரத்தில் முத்திரை குத்த வேண்டும். மறந்தால் அதற்கும் அபராதம்.

எல்லாவற்றுக்கும் முன்னால் அத்தையின் விசா. உங்கள் மூன்று பேருக்கும் பிரிட்டிஷ் பாஸ்போர்ட், கவலை இல்லை. அவர்களுக்கு இந்திய பாஸ்போர்ட், இத்தாலி உள்ளிட்ட ஐரோப்பிய நாடுகளுக்கான ஷெங்கன் விசா வேண்டும். லண்டன் விசா இருந்தால் போதும் என்று யாரோ சொன்னார்களாம், அது தவறு. உங்களிடம் வந்த பிறகு அங்கிருந்து விண்ணப்பிக்கலாம் என்று இருக்காதே, கிளம்புமுன் இங்கேயே எடுத்துவிட வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிலிருந்து விண்ணப்பிக்கலாம். குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு, தங்கும் இட முன்பதிவு, உன் அழைப்புக் கடிதம் எல்லாம் வேண்டும். திருநெல்வேலியில் போய் அவர்களோடு உட்கார்ந்து படிவம் நிரப்பிச் சென்னைக்கும் நானே கூட்டிப்போகிறேன். நீ அழைப்புக் கடிதத்தையும் அறை முன்பதிவுச் சீட்டுகளையும் மட்டும் அனுப்பு. இலவசமாக ரத்து செய்யக்கூடிய அறையாகப் பார்த்துப் போடு, விசா கைக்கு வரும்வரை அவர்களின் விமானச் சீட்டுக்குப் பணம் கட்டாதே.

அப்புறம், மாப்பிள்ளை காரை ஏற்கனவே பதிவு செய்துவிட்டாரா? செய்திருந்தால் பணம் பிடிக்காமல் ரத்து செய்யக் கடைசித் தேதி எது என்று கேட்டு எழுது.

அன்புடன்,
அப்பா