பேர்மிட்டும் வாய்க்காலும்: கரைச்சிக்கு ஒரு திறந்த மடல்

கரைச்சிப் பிரதேச சபையின் தவிசாளருக்கும் உறுப்பினர்களுக்கும், இரணைமடுக் கமக்காரர் அமைப்புகளின் பெரியவர்களுக்கும்,

வணக்கம்.

சென்ற தவணை பத்தாம் தரப் பிள்ளைகளிடம் ஒரு கேள்வி கேட்டேன். கிளிநொச்சியின் உருத்திரபுரத்தில் எட்டாம் வாய்க்கால், பத்தாம் வாய்க்கால் என்று இடங்களை ஏன் இலக்கம் போட்டுச் சொல்கிறோம்? பின்வாங்கில் இருந்த ஒருவன் எழும்பி, "மிஸ், அது பஸ் நிக்கிற இடத்தின்ர நம்பர்" என்றான். வகுப்பு முழுக்கச் சிரித்தது. சிரித்தவர்களில் ஒருவருக்கும் சரியான விடை தெரியவில்லை என்பது அடுத்த நிமிடமே விளங்கிவிட்டது. அதில் மூன்று பிள்ளைகள் அந்த வாய்க்கால் கரையிலேயே குடியிருப்பவர்கள். அது வயலுக்குக் குளத்துத் தண்ணீர் கொண்டுவரும் வாய்க்காலின் இலக்கம்.

அவர்களைக் குறை சொல்ல முடியாது. கிளிநொச்சி எப்படி உண்டானது என்று அவர்களுக்குச் சொல்ல ஊரில் ஒரு பலகைகூட இல்லை. எங்கள் ஊர்கள் தாமாக முளைத்தவை அல்ல. முதலில் காகிதத்தில் கீறப்பட்டு, பிறகு காட்டில் வெட்டப்பட்டவை. குளம் அதற்கும் முந்தியது. 1902இல் தொடங்கிய இரணைமடுக் குளத்தின் வேலை 1920இல் முடிந்தது. இரட்டை மடுவை ஒன்றாக்கிக் கட்டியதால் அந்தப் பெயர். அணை எழும்பினாலும் சனம் தங்கவில்லை. மலேரியாவும் யானையும் கரடியும் இருந்த காட்டுக்கு யாழ்ப்பாணத்தார் போகத்துக்கு வந்து, விதைத்து, வெட்டி, மூட்டையோடு திரும்பிப் போனார்கள். குடாநாட்டின் சன நெருக்கத்தையும் வேலையில்லாத் திண்டாட்டத்தையும் குறைக்க 1936இல் குடியேற்றத் திட்டம் வந்த பிறகுதான் கிளிநொச்சி ஒரு பட்டினமாகத் தொடங்கியது. பிறகு ஐம்பதுகளில் வட்டக்கச்சி, இராமநாதபுரம் என்று கொலனிகள், அதாவது அரசு காணி கொடுத்து இருத்திய குடியேற்றங்கள், விரிந்தன.

என் அம்மப்பா அந்த ஐம்பதுகளில் தீவுப்பகுதியிலிருந்து வட்டக்கச்சிக்கு வந்தவர். காணி பங்கிட அரசு நடத்திய காணிக் கச்சேரியில் பெயர் கூப்பிட்டபோது தனக்குக் கை நடுங்கியது என்று சொல்வார். மூன்று ஏக்கர் வயல், இரண்டு ஏக்கர் மேட்டுக்காணி. முந்தி வந்தவர்களுக்கு ஐந்தும் மூன்றும் கிடைத்ததை அவர் கடைசி வரை மறக்கவில்லை. 1953இல் அரசு அளவைக் குறைத்திருந்தது.

இதை விவரமாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. மரபுரிமை என்றதும் எல்லோரும் கட்டடத்தைத் தேடுகிறார்கள். எங்களிடம் கட்டடம் இல்லை. அரசு கட்டிக் கொடுத்த சிறிய ஓட்டு வீடுகள் 2008இலும் 2009இலும் ஷெல்லில் போயின. மிஞ்சிய சுவர்களை, மீளக்குடியமர்ந்த பிறகு வீட்டுத்திட்டம் வந்தபோது, நாங்களே இடித்தோம். எங்கள் வளவில் பழைய வீட்டின் கல்லை உடைத்துத்தான் புது அத்திவாரத்துக்குப் போட்டோம். தறப்பாளுக்குக் கீழே இரண்டு மாரி இருந்தவர்களிடம் பழைய சுவரைக் காப்பாற்று என்று யாராவது சொல்லியிருந்தால் அடி வாங்கியிருப்பார்கள்.

ஆனால் அந்த வீட்டைவிடப் பெரிய ஒன்று இன்னும் தரையில் கிடக்கிறது. அது காணியின் வடிவம். மேட்டில் வீடும் கிணறும் தென்னையும் மாவும்; வாய்க்காலுக்குக் கீழே வயல்; இரண்டுக்கும் நடுவே வாய்க்கால் கரையோடு போகும் றோட்டு. தண்ணீர் தன் பாட்டில் இறங்கி ஓடுவதற்கு ஏற்றபடி நிலத்தின் சரிவைப் பார்த்துக் கீறியவர்கள், மனிதரையும் அதே கோட்டில் இருத்தினார்கள். யாழ்ப்பாணத்து ஒழுங்கையும் அடைத்த வேலியும் இங்கே கிடையாது. வரிசையாக வளவுகள், ஒவ்வொன்றுக்கும் ஓர் இலக்கம். சாதி வன்னிக்கு வரவில்லை என்று பொய் சொல்லமாட்டேன், வந்தது. என்றாலும் பக்கத்து வளவு யாருடையது என்பதைப் பரம்பரை முடிவு செய்யவில்லை. காணிக் கச்சேரி முடிவு செய்தது. ஒரே வாய்க்காலில் தண்ணீர் எடுப்பவர்கள் ஒருவரோடு ஒருவர் பேசாமல் இருக்கவும் முடியாது.

இந்த வடிவம் இப்போது வேகமாக மறைகிறது. மேட்டுக்காணிகள் பரப்புக் கணக்கில் கைமாறுகின்றன. வயலுக்குள் மண் கொட்டி மதில் எழுப்புகிறார்கள். சிறு வாய்க்கால்கள் சீமெந்துக் குழாய்க்குள் போகின்றன. வாழ வேண்டியவர்கள் மாற்றத்தான் செய்வார்கள், அதைத் தடுக்க நான் எழுதவில்லை. மாறுவதற்கு முன்னால் ஒருமுறை முழுதாகப் பதிந்துவைக்க வேண்டும் என்றுதான் கேட்கிறேன்.

இதைத் தொல்பொருள் திணைக்களத்துக்கு எழுதியிருக்கலாமே என்று ஒரு நண்பர் கேட்டார். அவர்களின் சட்டம் 1940இல் வந்தது. அதன் கண்ணில் தொல்சின்னம் என்றால் அடிப்படையில் 1815 மார்ச் 2க்கு முந்தியது. இரணைமடு என்ற பெயர் அவர்களுக்குத் தெரியாத பெயர் அல்ல: கற்காலக் கருவிகள் கிடைக்கும் ஒரு சரளைப் படிவத்துக்கே இரணைமடுப் படிவம் என்று ஆய்வாளர் பெயர் வைத்திருக்கிறார்கள். கல்லைச் செதுக்கிய ஆதிமனிதன் பாடநூலில் இருக்கிறான், காட்டை வெட்டிய என் அம்மப்பா இல்லை. அதுபோக, வெளிப்படையாகவே சொல்கிறேன், தொல்பொருள் என்று பெயர்ப்பலகை நட்டால் எங்கள் பக்கத்தில் காணி போகப் போகிறது என்றுதான் சனம் பயப்படும். அந்தப் பயத்துக்குக் காரணங்கள் உண்டு. அதனால்தான் இந்த மடல் உங்களுக்கு வருகிறது. றோட்டுக்குப் பெயர் வைப்பதும் நூலகம் நடத்துவதும் சபையின் கையில் இருக்கிறது. வாய்க்காலின் நினைவு கமக்காரர் அமைப்புகளிடம் இருக்கிறது.

முதலில் காகிதம். கொலனியில் ஒரு வீட்டின் வரலாறு என்பது அந்த வீட்டுப் பேர்மிட், அதாவது காணிக்கு அரசு கொடுத்த அனுமதிப்பத்திரம். 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கிடைத்த அந்தத் தாளை என் அம்மா பொலித்தீன் பையில் சுற்றி, நகையோடு சேர்த்து, முள்ளிவாய்க்கால் வரை மடியில் கட்டிக்கொண்டு போய்த் திரும்பக் கொண்டுவந்தார். நகை திரும்பவில்லை. காணியைத் துண்டாடக் கூடாது, ஒருவரைப் பின்னுரித்தாளராக நியமிக்க வேண்டும், நியமிக்காவிட்டால் சட்ட அட்டவணைப்படி ஆண்பிள்ளைக்கு முதலிடம் என்பதே நெடுங்காலம் விதி. பெண்ணுக்குச் சீதனமாகக் காணி எழுதிப் பழகிய சனத்தின் தலையில் இந்தச் சட்டம் வந்து இறங்கியது. என்ன செய்தார்கள்? சட்டத்தையும் விடவில்லை, வழக்கத்தையும் விடவில்லை. பேர்மிட்டில் மூத்த அண்ணனின் பெயர். நிலத்தில் மூன்று தங்கைகளின் வேலி. மாமரத்திலிருந்து கிணறு வரை இவளுக்கு, கிணற்றிலிருந்து றோட்டு வரை அவளுக்கு என்று வாய்ச்சொல்லில் பிரித்தார்கள். போரில் அண்ணன் காணாமல் போன வீடுகளில் அந்த வாய்ச்சொல்லும் போய்விட்டது. ஆண்வழி வரிசை 2022இல் திருத்தப்பட்டது, நல்லது. ஆனால் அதற்கு முந்திய எழுபது வருட வாய்ச்சொல் எங்கே எழுதியிருக்கிறது? எந்த அலுவலகத்திலும் இல்லை. எண்பது வயது தாண்டிய சில பெண்களின் தலைக்குள் இருக்கிறது.

அடுத்தது தண்ணீர். குளத்தின் கொள்ளளவையும் வான்கதவுகளையும் பற்றி நீர்ப்பாசனத் திணைக்களத்திடம் கேட்கலாம். நான் சொல்வது சிறுபோகத்துக்கு, அதாவது குளத்துத் தண்ணீரை நம்பிச் செய்யும் கோடை விதைப்புக்கு, முன்னால் கூடும் கூட்டத்தை. மாரி பெய்து காலபோகம் முடிந்து, குளத்தில் எத்தனை அடி நிற்கிறது என்று பார்த்து, இந்த முறை எத்தனை ஏக்கர், எந்த வாய்க்காலுக்குப் பங்கு, ஆர் விதைக்காமல் விட்டுக்கொடுப்பது என்று ஆண்டுதோறும் சண்டை பிடித்து, கதிரையைத் தள்ளி, கடைசியில் கையொப்பம் வைக்கும் அந்தக் கூட்டம். எந்தக் கோயில் திருவிழாவைவிடவும் இது எங்கள் மண்ணின் சடங்கு. கூட்டக் குறிப்புப் புத்தகங்கள் யாராவது செயலாளரின் வீட்டு மேசைக்குள் கறையான் தின்னக் கிடக்கலாம். அவற்றைத் தேடுங்கள். ஐயாமாரே, நீங்கள் நாற்பது வருடமாகக் கோபித்துக்கொண்டு வெளியேறிய கூட்டங்களின் கதையை ஒரு பிள்ளைக்காவது சொல்லி ஒலிப்பதிவு செய்ய விடுங்கள். எழுபதுகளில் வெளிநாட்டு மிளகாயும் வெங்காயமும் தடுக்கப்பட்டபோது இந்தக் கொலனிகளும் முத்தையன்கட்டும் விசுவமடுவும் கண்ட செழிப்பு, உழவு இயந்திரம் வாங்கிய கதை, 1977க்குப் பிறகு இறக்குமதி திறந்து விலை விழுந்த கதை, எல்லாம் அதற்குள் வரும்.

இனி, சொல்லத் தயங்கியதைச் சொல்கிறேன். கொலனியின் கதையை நாங்கள் சொல்லும்போது கொலனிக்காரரோடு நிறுத்திவிடுகிறோம். 1958, 1977 கலவரங்களாலும் தோட்டங்களில் எழுபதுகளில் வந்த பட்டினியாலும் விரட்டப்பட்டு வந்த மலையகத் தமிழர் இல்லாமல் இந்தக் கமம் நடந்திருக்காது. களை பிடுங்கியவர்கள் அவர்கள், அரிவு வெட்டியவர்கள் அவர்கள், மிளகாய்ப் பழம் ஆய்ந்தவர்கள் அவர்கள். பாரதிபுரம், மலையாளபுரம், கிருஷ்ணபுரம், தொண்டமான்நகர், சாந்தபுரம் என்று அவர்கள் இருக்கும் இடங்களைப் பாருங்கள்: பெரும்பாலும் வாய்க்கால் தண்ணீர் ஏறாத மேடு, பல வீடுகளுக்கு நெடுங்காலம் பேர்மிட் இல்லை. என் அம்மப்பா நல்ல மனிதர். அவர் வயலில் வேலை செய்தவர்களுக்கு எங்கள் வீட்டில் தேநீர் தனிக் குவளையில் கொடுக்கப்பட்டது. அதையும் பதியத்தான் வேண்டும். பேர்மிட் வைத்திருந்தவர்களின் பெயரை மட்டும் பொறித்து ஒரு நினைவுக்கல் நாட்டுவதானால், தயவுசெய்து நாட்டாதீர்கள்.

உலகில் வேறு யாரும் இப்படிச் செய்ததுண்டா என்று கேட்பீர்கள். உண்டு. எங்கள் கிளிநொச்சி தொடங்கிய அதே முப்பதுகளில், அமெரிக்காவின் மேற்கு வேர்ஜீனியாவில், வேலையிழந்த நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளருக்காக ஆர்தர்டேல் என்ற குடியேற்றத்தை அரசு அமைத்தது. ஜனாதிபதியின் மனைவி எலினோர் ரூஸ்வெல்ட் முன்னின்று நடத்திய திட்டம். 165 வீடுகள், ஒவ்வொன்றுக்கும் சில ஏக்கர் நிலம். முதலில் வந்த ஆயத்த வீடுகள் அங்கு போட்டிருந்த அத்திவாரத்தில் பொருந்தவில்லை என்பதும் உண்டு. அரசுத் திட்டம் எங்கும் அரசுத் திட்டந்தான்! கறுப்பினத்தவரையும் வெளிநாட்டில் பிறந்தவர்களையும் அங்கே சேர்க்கவில்லை. நாற்பதுகளில் அரசு எல்லாவற்றையும் விற்றுவிட்டுப் போனது. எண்பதுகளில் அங்கிருந்தவர்களே ஐம்பதாம் ஆண்டைக் கொண்டாடி, அந்தச் சூட்டோடு 1985இல் ஒரு சங்கம் அமைத்து, மண்டபத்தையும் பட்டறையையும் மீட்டு, 1989இல் ஊரையே தேசிய வரலாற்றுப் பதிவேட்டில் ஏற்றினார்கள். எங்களுக்கு ஐம்பதாம் ஆண்டு 1986இல் வந்தது. அப்போது நாங்கள் பதுங்குகுழி வெட்டிக்கொண்டிருந்தோம்.

கிளிநொச்சி நகரத்தில் நினைவுச் சின்னம் இல்லாமல் இல்லை. ஷெல் துளைத்த சீமெந்துக் கட்டியிலிருந்து தாமரை பூப்பதுபோல ஒன்று நிற்கிறது. விழுந்து கிடந்த தண்ணீர்த் தாங்கியைக் காட்சிப்பொருளாக்கி வைத்தார்கள். தெற்கிலிருந்து வந்தவர்கள் பக்கத்தில் நின்று படம் எடுத்தார்கள். இந்த ஊர் விழுந்ததற்குச் சாட்சி வைத்தாயிற்று. அது எழுந்ததற்கு ஒன்றும் இல்லை.

பெரிய நூதனசாலை கேட்கவில்லை. சபையின் நூலகத்தில் ஓர் அறை போதும். வட்டக்கச்சியில் சிவிக் சென்றர் என்று நாங்கள் இன்றும் சொல்லும் இடத்தில் என்றால் இன்னும் பொருத்தம். குடியேற்றக் காலத்துப் பெயரைச் சுமந்துகொண்டு நிற்கும் இடம் அது. நில அளவைத் திணைக்களத்திலிருந்து கொலனிகளின் பழைய வரைபடங்களின் பிரதிகளை எழுதிக் கேட்டு வாங்கி அங்கே சுவரில் மாட்டுங்கள். ஊர்ப்பெயர்களை மாற்றும் தீர்மானம் ஏதும் வந்தால் வாய்க்கால் இலக்கங்களையும் 155ஆம் கட்டையையும் கரடிப்போக்கையும் தொடாதீர்கள்; பெயர்ப்பலகையில் இரண்டு வரி விளக்கம் சேருங்கள். பழைய அரச வீடு ஒன்று எங்காவது முழுதாக நின்றால், அந்த உரிமையாளருக்கு வேறு வீடு கட்ட உதவி செய்துவிட்டு அதைப் பொறுப்பெடுங்கள். கிழவர்களையும் கிழவிகளையும் கேட்டு எழுத என் மாணவர் இருபது பேரை நான் தருகிறேன். எல்லோரிடமும் கைத்தொலைபேசி இருக்கிறது, அதில் வேறு என்ன செய்கிறார்கள் என்ற கவலை இல்லாமல் பெற்றோரும் நிம்மதியாக இருப்பார்கள்.

பேர்மிட்டுகளின் அசலை யாரும் உங்களிடம் தரமாட்டார்கள், கேட்கவும் வேண்டாம். சந்தை நாளில் ஸ்கான் இயந்திரம் ஒன்றோடு ஓர் உத்தியோகத்தரை மரநிழலில் இருத்துங்கள். தாளை வாங்கி, படம் பிடித்து, கண்முன்னே திருப்பிக் கொடுக்க வேண்டும். முதல் ஆளாக என் அம்மா வருவார். அந்தப் பொலித்தீன் பையை இன்னும் மாற்றவில்லை. எந்தச் சனிக்கிழமை என்று மட்டும் அறியத் தாருங்கள்.

இப்படிக்கு,
வட்டக்கச்சியிலிருந்து
ஒரு கொலனிக்காரரின் பேத்தி