அந்தக் கோடி வேறு, இந்தக் கோடி வேறு

தமிழில் விமான வரலாறு எழுதும் நண்பர்களுக்கு,

வணக்கம். "1908இல் பிரிட்டிஷ் ராணுவத்தின் முதல் விமானம் பறந்தது" என்று ஒரு வரி எழுதிவிட்டு நேரே உலகப் போருக்குத் தாவிவிடுகிறோம். கட்டியவர் பெயர் கோடி என்றதும் அமெரிக்க கௌபாய் காட்சிகளுக்குப் பேர்போன பஃபலோ பில் படத்தை வேறு போட்டுவிடுகிறோம். அவர் வில்லியம் கோடி. இவர் சாமுவேல் கோடி, இயற்பெயர் கௌடரி. தப்பு முழுக்க நம்முடையதும் இல்லை. அதே தொப்பி, அதே நீள முடி, பெயரும் அதுவே என்று இங்கிலாந்து மேடைகளில் கௌபாய் வித்தை காட்டியவர் இவர்.

அந்த ஒரு வரியைக் கொஞ்சம் பிரித்து எழுதுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

ஆளையே தூக்கும் ராட்சதப் பட்டங்கள்தான் கோடியை இங்கிலாந்தின் ஃபார்ன்பரோவில் இருந்த ராணுவப் பலூன் தொழிற்சாலைக்குள் கொண்டுவந்தன. விமானம் கட்ட அனுமதி கிடைத்தும் அதற்கென்று எஞ்சின் இல்லை. 'நுல்லி செகுண்டஸ்' ஆகாயக் கப்பலின் 50 குதிரைத்திறன் எஞ்சினைக் கழற்றிப் பூட்டினார். இழுவை எவ்வளவு என்று பார்க்க, விமானத்தை ஒரு மரத்தில் கட்டி, நடுவே வில் தராசை மாட்டி, எஞ்சினை முடுக்கினார். அந்த மரம் பட்டுப்போன பிறகு அதே உருவத்தை அலுமினியத்தில் வார்த்து வைத்தார்கள்.

1908 அக்டோபர் 16: 1,390 அடி தூரம், 27 விநாடி. திருப்பும்போது இறக்கை தரையில் இடித்து விமானம் நொறுங்கியது.

சில மாதங்களில், 1909இல், எஷர் பிரபு தலைமையிலான அரசுக் குழு கணக்குப் பார்த்தது. விமானங்களுக்கு ஆன செலவு 2,500 பவுண்டு. போதும், நிறுத்துங்கள் என்றது. கோடிக்கும், வாலில்லா விமானம் செய்துவந்த டன்னுக்கும் சீட்டு கிழிந்தது. அந்த ஜூலையிலேயே பிரான்சின் பிளேரியோ ஆங்கிலக் கால்வாயைப் பறந்து கடந்துவிட்டார்! கோடியோ, தன்னிடமே விடப்பட்ட விமானத்தை இரவல் எஞ்சினோடு ஓட்டிப் பழகினார். அக்டோபரில் டான்காஸ்டர் விழாக் கூட்டத்தின் முன்னால் பிரிட்டிஷ் குடியுரிமைக்குக் கையெழுத்தும் போட்டார். வேலையை விட்டுத் துரத்திய நாட்டுக்கு! எனக்கு இந்த மனிதரைப் பிடித்துப்போனது இங்கேதான்.

1912 ஆகஸ்டில் அதே ராணுவம் சாலிஸ்பரி சமவெளியில் வைத்த போட்டியில் 5,000 பவுண்டு பரிசும் அவருக்கே. அதற்காக ஒரேயடியாகத் தலையில் தூக்கி வைத்துவிடாதீர்கள். ஜெஃப்ரி டி ஹாவிலண்ட் வடிவமைத்த பி.இ.2 விமானம், அரசுத் தொழிற்சாலைத் தயாரிப்பு என்பதால் போட்டியில் சேரவில்லை. ஆனால் அதே நாட்களில் 10,560 அடி உயரம் ஏறிக் காட்டியது. ராணுவம் பின்னால் நம்பி வாங்கிக் குவித்தது அந்த ரகத்தைத்தான்.

1913 ஆகஸ்ட் 7 அன்று விமானம் காற்றிலேயே உடைந்து, கோடியும் உடன் வந்த பயணியும் இறந்தார்கள். ராணுவப் பதவி எதுவும் வகிக்காத கோடியை ஆல்டர்ஷாட் ராணுவ மயானத்தில் முழு மரியாதையோடு அடக்கம் செய்தார்கள்.

அடுத்த முறை படத்தையாவது பார்த்துப் போடுங்கள். தாடியும் தொப்பியும் இருவருக்கும் உண்டு. பின்னால் துணி இறக்கையும் மூங்கில் கழியும் தெரிந்தால், அவர்தான் நம்ம கோடி.

அன்புடன்,
உங்கள் வாசகன்