அந்த மாடும் போலியா சார்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன இதழ்ல போலி நிருபர்கள் பத்தி வந்த கட்டுரை நல்லாத்தான் இருந்துச்சு, வண்டில பிரஸ்னு ஸ்டிக்கர் ஒட்டிக்கிட்டு வசூலுக்குப் போறவனுங்கள யாராவது கேக்கணும்ல. ஆனா நடுவுல ஒரு வரி, 'முறையான அட்டை இல்லாத யாரையும் பத்திரிகையாளர்னு நம்பாதீர்கள்'னு. அதே இதழ்ல பாலமேடு ஜல்லிக்கட்டுன்னு அரைப் பக்கத்துக்கு ஒரு படம் போட்டீங்களே, அது நான் எடுத்தது சார். என்கிட்ட அட்டை கெடையாது. அப்ப அந்த மாடும் போலியா?

11 வருஷமா மதுரைல ஃப்ரீலான்ஸா படம் எடுக்குறேன். கார்டு வாங்க சோம்பேறித்தனம்னு நெனச்சுடாதீங்க, எதை வாங்குறதுன்னுதான் பிரச்சினையே. ஒரு மாத இதழ்ல (கடைல நான் பாத்ததே இல்ல) 3,000 ரூவா குடுங்க, கார்டு, கழுத்துல மாட்ட டேக், பைக்குக்கு ஸ்டிக்கர் எல்லாம் ஒரே கவர்ல தர்றோம்னாங்க, படம் எடுக்கத் தெரியுமான்னு ஒரு வார்த்த கேக்கல. சரி சங்கத்துல சேரலாம்னு போனா சம்பள ரசீது எங்கன்றாங்க, அது இருந்தா நான் ஏன் ஃப்ரீலான்ஸ்னு அலையுறேன்? வெளிநாட்டுல மதிக்கிற ஐ.எஃப்.ஜே (சர்வதேச பத்திரிகையாளர் கூட்டமைப்பு) கார்டு ஒண்ணு இருக்கு, அதையும் அவங்க உறுப்பு சங்கம் வழியாத்தான் வாங்கணும், ஆக திரும்பவும் அதே மாதிரி ஒரு வாசல். மத்திய அரசு அங்கீகாரம்னா, 2022ல வந்த பி.ஐ.பி (பத்திரிகை தகவல் அலுவலகம்) விதில வேலைல இருக்கறவருக்கு 5 வருஷ அனுபவம் போதும், ஃப்ரீலான்சருக்கு 15 வருஷம். அப்படியே இன்னும் 4 வருஷம் காத்திருந்து வாங்கினாலும் அது டெல்லி ஆபீஸ்களுக்குத்தான் ஒதவும், வாடிவாசல்ல நீட்டினா ஏட்டய்யா சிரிப்பாரு.

இதெல்லாம் உங்களுக்குத் தெரியாததா. 2024 ஜூன் 4, ஓட்டு எண்ணுற அன்னைக்கு தேர்தல் கமிஷன் பாஸுக்குப் பேர் லிஸ்ட் அனுப்பினது உங்க ஆபீஸ்தான, அதுல என் பேரு இல்ல. கேட்டுக்கு வெளிய வெயில்ல காலைலேருந்து நின்னேன், உள்ள போன தம்பிக்கு அன்னைக்குத்தான் கேமராவே கைல குடுத்தாங்களாம். அதையும் பொறுத்துக்கிட்டேன். ஒரு படத்துக்கு 300 ரூவா, அது வர நாலு மாசம், அதையும் பொறுத்துக்கிட்டேன். பாலமேட்டுல கூட்டம் நெருக்கி லென்ஸ் ஒடஞ்சப்ப, நீங்க எங்க ஸ்டாஃப் இல்லையேன்னு போன வச்சாங்க உங்க ஆபீஸ்ல. படம் வேணும்னா மட்டும் ராத்திரி 11 மணிக்கு 'அண்ணே'ன்னு போன் வருது. பேரு போடுங்கன்னு எத்தன தடவ சொல்லிட்டேன், எப்பவும் 'கோப்புப் படம்'தான். அன்னைக்கு சாயங்காலம் எடுத்த படம் சார் அது, எந்தக் கோப்புல இருந்துச்சு?

சம்பளம் கேக்கல, வேலை கேக்கல. அழகர் ஆத்துல எறங்குறதுக்கு பாஸ் வாங்கப் போனா பி.ஆர்.ஓ ஆபீஸ்ல பத்திரிகை லெட்டர்ஹெட் கேக்குறாங்க. 'இவர் எங்களுக்குப் படம் எடுத்துத் தருகிறார்'னு ஒரே ஒரு வரி, கையெழுத்துப் போட்டு சீல் வச்சு, சித்திரைத் திருவிழாவுக்கு முன்னாடி அனுப்பி வச்சீங்கன்னா போதும். விலாசம் எழுதி ஸ்டாம்ப் ஒட்டின கவர் இதோட வச்சிருக்கேன்.

இப்படிக்கு,
கோப்புப் படம்,
மதுரை.