பீரோவில் ஒரு பாரம்

மதுரை
24.3.2025

மாப்ள செல்வம்,

முதலில் திட்டிவிடு. உன் பேத்தி காதுகுத்துக்கு வரவில்லை. அதற்கப்புறம் நீ எழுதிய இரண்டு கடிதத்துக்கும் பதில் போடவில்லை. முட்டி வலி என்று ஒரு காரணம் கைவசம் இருந்தது. கோழி மணி உன்னிடம் உண்மையைப் போட்டுக்கொடுத்துவிட்டான் என்று தெரிந்ததும் அதுவும் போச்சு. இங்கே எல்லோரும் நலம். சர்க்கரை இருக்க வேண்டிய இடத்தில் இல்லை, அது எப்போது இருந்தது? வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல். மரியாதை முடிந்தது.

சனிக்கிழமை சாயங்காலம் நான் கோட் போட்டேன். சிரித்து முடித்துவிட்டு மேலே படி. மகள் கல்யாண வரவேற்புக்குத் தைத்த அதே கோட்தான், பொத்தான் போடாமல் சமாளித்தேன். அழகர்கோவில் ரோட்டில் ஒரு பெரிய ஹோட்டலில், டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்காக நிதி திரட்டும் விருந்து. ஆளுக்கு 3000 ரூபாய். நம் அக்கா மகன் சரவணன் வாசலில் நின்று பன்னீர் தெளிக்கிறான் என்பதால் அவனுக்கும் அக்காவுக்கும் டிக்கெட் கிடையாது. "எல்லாம் பெரிய மனுஷங்களா வருவாங்க கணேசா, கூட நம்ம ஆள் ஒருத்தர் இருந்தா தேவலை" என்றாள். போனேன்.

கூத்து வாசலிலேயே ஆரம்பித்தது. வருகிறவர்களுக்கெல்லாம் சாக்ஸ் கொடுத்தார்கள், ஒன்று மஞ்சள், ஒன்று நீலம். மார்ச் 21 உலக டவுன் சிண்ட்ரோம் நாள். 21-ம் குரோமோசோம் இரண்டு இருக்க வேண்டிய இடத்தில் மூன்று இருக்கிறது, அதனால் மூன்றாம் மாதம் 21-ம் தேதி. 2012-லிருந்து ஐ.நா. சபையும் அனுசரிக்கிறது. குரோமோசோம் பார்க்க சாக்ஸ் மாதிரி இருக்குமாம், அதனால் அன்றைக்கு ஜோடி சேராத சாக்ஸ் போடுவது ஊர் உலக வழக்கம். எல்லாம் சரி, பங்குனிப் புழுக்கத்தில் மதுரையில் எவன் ஷூ போட்டு வருவான்? வேட்டியும் செருப்புமாக வந்த முதலாளிமார்கள், கட்டைவிரல் சந்தில் சாக்ஸோடு செருப்பு வாரைத் திணித்துக்கொண்டு வாத்து மாதிரி நடந்தார்கள். நானும்தான்.

மணிக்கு இந்த விருந்தைப் பற்றி முதல் நாளே சொல்லியிருந்தேன். "டவுன் சிண்ட்ரோம்னா டவுன்ல பொறந்தவங்களுக்கு வர்றதா? உசிலம்பட்டிக்காரன் தப்பிச்சேன்" என்றான். டவுன் என்பது ஒரு டாக்டரின் பேருடா, அவர் இதை 1866-ல் எழுதிவைத்தார், குரோமோசோம்தான் காரணம் என்று தெரிய 1959 ஆயிற்று என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுக் கேட்டான்: "அப்ப நடுவுல தொண்ணூறு வருஷம் யாரைத் திட்டுனாங்க?"

கோழி மணி வாயிலிருந்து இப்படி ஒரு கேள்வி! 1959-க்கு அப்புறம் மட்டும் என்ன வாழ்ந்தது? சரவணன் பிறந்தது 1993-ல். அக்காவை என்ன பாடு படுத்தினார்கள் என்று நீ பார்த்தாய். கிரகணத்தில் வெளியே வந்தாள் என்று ஒரு கூட்டம், சின்ன மாமாவையே கட்டியதால் என்று இன்னொரு கூட்டம். கட்டிவைத்தவர்களே அதையும் சொன்னார்கள், அதுதான் கொடுமை. சொந்தத்தில் கட்டுவதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பெரும்பாலும் கரு உண்டாகிற நேரத்தில் தானாக நடக்கிற ஒரு பிசகு. தாய்க்கு 35 வயது தாண்டினால் வாய்ப்பு கூடும் என்கிறார்கள், அக்காவுக்கு அப்போது 29.

சரி, விருந்துக்கு வருகிறேன். பட்டு வேட்டி கட்டிக்கொண்டு, பன்னீர்ச் செம்போடு சரவணன் நின்ற நிலையைப் பார்த்திருக்க வேண்டும். ஆளுக்கு மூன்று உதறல். நாலாவது கிடையாது. கண்ணாடி போட்டவர்களுக்கு மட்டும் செம்பைத் தலைக்கு மேலே தூக்கிவிடுவான், கண்ணாடியில் படக் கூடாதாம். சிறப்பு விருந்தினர் வந்தார். இவன் கன்னத்தைக் கிள்ளி, "தெய்வக் குழந்தை" என்று போட்டோவுக்கு நின்றார். சரவணன் செம்பை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டு, "எனக்கு முப்பத்தோரு வயசு சார்" என்றான். அவன் பேச்சு புதிதாகக் கேட்பவர்களுக்குச் சட்டென்று பிடிபடாது. அவர் "வெரி குட், வெரி குட்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். இவன் என் பக்கம் திரும்பி, "மாமா, அவருக்குக் காது கேக்காதா?" என்கிறான். கேட்டவன் காதில் மெஷின்!

மனுஷர் நாற்பது நிமிஷம் பேசினார். குழந்தைகள், குழந்தைகள், குழந்தைகள். எண்ண ஆரம்பித்து இருபதோடு விட்டுவிட்டேன். முன் வரிசையில் மீசை நரைத்த ஒரு 'குழந்தை' கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தது.

சரவணன் அதற்குள் மேஜைக்கு வந்துவிட்டான். மஹால் பக்கம் சுங்குடிக் கடையில் ஒன்பது வருஷமாகச் சேலை மடிக்கிறான் இல்லையா, கை சும்மா இருக்காது. ஹோட்டல்காரர்கள் கைதுடைக்கிற துணியை விசிறி விசிறியாக மடித்து கிளாஸில் செருகி வைத்திருந்தார்கள். அவனுக்கு அது பொறுக்கவில்லை. ஒவ்வொன்றாக உருவி, மடியில் போட்டு உள்ளங்கையால் தேய்த்து (அந்தக் கையில் குறுக்கே ஒரே ரேகை, ஞாபகமிருக்கிறதா?), ஓரத்துக்கு ஓரம் வைத்து, நூலிழை பிசகினால் பிரித்து மறுபடி மடித்தான். எட்டுத் துணியும் சதுரமாகி, அடுக்கி, அவன் முன்னால். சர்வர் வந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனார்.

அப்புறம் ஒரு டாக்டரம்மா ஐந்தே நிமிஷம் பேசினார். மொத்த விழாவில் அதுதான் பேச்சு. முன்னெல்லாம் இருதயக் கோளாறிலேயே பல பேர் சிறு வயதில் போய்விடுவார்கள், பாதிப் பேருக்குப் பிறவியிலேயே அது உண்டு. இப்போது ஆபரேஷன் இருக்கிறது, தைராய்டையும் காதையும் கண்ணையும் அவ்வப்போது பார்த்துக்கொண்டால் ஐம்பது, அறுபது வயது சாதாரணம். நாற்பதுக்கு மேல் மறதி நோய் மட்டும் மற்றவர்களைவிடச் சீக்கிரம் எட்டிப்பார்க்கும். அதற்குப் பங்கிருக்கிற ஒரு மரபணு அதே 21-ல்தான் உட்கார்ந்திருக்கிறது. "ஆக, அப்பா அம்மாவுக்குப் பின்னாடியும் இவங்க இருப்பாங்க. அதுக்கு வீட்டுல ஏற்பாடு செஞ்சிருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டார். அக்கா என்னைப் பார்க்கவில்லை. பார்க்கவில்லை என்பது எனக்குத் தெரிந்தது.

அடுத்து ஏலம். அவர்கள் வரைந்த படங்கள். தெப்பக்குளத்து மைய மண்டபம் கத்தரிப்பூ நிறத்தில், தண்ணீர் ஆரஞ்சு. என்ன தோன்றியதோ, கையைத் தூக்கினேன். தூக்கிக்கொண்டே இருந்தேன். 11,000 ரூபாய். கைதட்டல், மேடை, சால்வை, போட்டோ. நெஞ்சு நிமிர்ந்ததில் கோட்டுத் தையல் ஒன்று விட்டது.

பத்து மணிக்குத் தல்லாகுளத்தில் ஆட்டோவை நிறுத்தி இட்லி சாப்பிட்டோம். அக்கா தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "பதினோராயிரத்துக்குப் படம் வாங்கிட்ட. அந்தப் பாரத்துக்கு ஒரு கையெழுத்து. அதுக்குக் காசு கூட இல்ல."

மாப்ள, தீபாவளியிலிருந்து அந்தப் பாரம் என் பீரோவில் இருக்கிறது. இவன் பேரில் டெபாசிட் போடப் போன இடத்தில், கார்டியன் சான்று எங்கே என்று கேட்டிருக்கிறார்கள். நான்தான் அம்மா என்றிருக்கிறாள். பதினெட்டு முடிந்துவிட்டால் பெற்றவளும் சட்டப்படி தானாகக் கார்டியன் இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. 1999-ல் வந்த நேஷனல் டிரஸ்ட் சட்டப்படி கலெக்டர் இருக்கிற குழுவிடம் மனுப் போட வேண்டும். யாரைப் போடுகிறார்களோ அவர் சம்மதம் எழுதிக் கொடுக்காவிட்டால் மனுவை எடுக்கவே மாட்டார்கள். தன் பேரைப் போடுவதற்குப் பதில் அக்கா என் பேரைப் போட்டுக் கொண்டுவந்தாள். "எனக்கு அப்புறம் ஓடுறதுக்கு இப்பவே ஓடு" என்றாள். மாமாவின் பென்ஷன் அக்காவுக்குப் பின்னால் இவன் ஆயுசுக்கும் வரும், சுங்குடிக் கடைச் சம்பளம் இருக்கிறது. காசு பிரச்சினை இல்லை.

பிரச்சினை நான்தான். எனக்கு 60. அக்காவைவிட ஒரு வயது இளையவன், சர்க்கரையில் அவளுக்கு மூத்தவன். உன் தங்கச்சி சொல்கிறாள், "நாளைக்கு நம்ம பொண்ணு தலையிலதானே விழும்? அவகிட்ட கேட்டீங்களா?" அவள் சொல்வதிலும் தப்பில்லை. மகளிடம் இன்னும் கேட்கவில்லை. அவள் மாட்டேன் என்பாள் என்று பயமா, சரி என்பாள் என்று பயமா, எனக்கே விளங்கவில்லை. 'மடியில் உட்காரவைத்துக் காது குத்தினாயே, தாய்மாமன்தானே நீ' என்று அக்கா ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நான் சண்டை போட்டுத் தப்பித்திருப்பேன். கேட்கவில்லை. சரவணன் தட்டில் ஒரு இட்லியைக் கூட வைத்துவிட்டு, தைராய்டு ஞாபகம் வந்து பாதியை எடுத்துக்கொண்டாள்.

ராத்திரி வந்து பாரத்தை எடுத்துப் படித்தேன். கார்டியன் ஆனால் ஆறு மாதத்துக்குள் அவனுடைய சொத்து விவரம் கொடுக்க வேண்டும், வருஷா வருஷம் கணக்கு ஒப்படைக்க வேண்டும். கூட்டுறவுச் சங்கத்தில் முப்பது வருஷம் கணக்கு எழுதியவனைப் பார்த்துக் கணக்குக் கேட்கிறது பாரம். அது ஒன்றுதான் எனக்குப் பயமில்லாத பகுதி.

நீ கலெக்டர் ஆபீஸில் காலம் தள்ளியவன். என் பேரோடு இன்னொரு பேரையும் சேர்த்துப் போட வழி உண்டா, எனக்கு ஏதாவது ஆனால் அடுத்து என்ன செய்ய வேண்டும், விசாரித்து எழுது. சித்திரைத் திருவிழாவுக்கு வரும்போது பேசலாம் என்று இருந்துவிடாதே, அதற்கு முன்னால் எழுது. நான் ஆறப்போட்டால் ஆறிவிடுகிற ஆள், உனக்குத் தெரியும். கையெழுத்துப் போட்டுவிட்டேன். தேதி போடவில்லை.

சரவணன், "ரத்தம் கொடுத்த மாமா எப்ப வர்றாரு?" என்று கேட்கச் சொன்னான். மெட்ராஸ் ஆபரேஷன் கதையை அக்கா இன்னும் மாசம் ஒருதடவை சொல்கிறாள். அவன் பிடிவாதம் பிடித்தால், "எல்லாம் அந்தச் செல்வம் ரத்தம்" என்று பழி உன் மேல்தான். வரும்போது கசங்கின சட்டையோடு வராதே, கழற்றச் சொல்லி மடித்துவிடுவான்.

உன்,
கணேசன்

பி.கு.: 3000 ரூபாய்க்கு என்ன போட்டார்கள் என்று கேட்பாய். குச்சியில் குத்திய பனீர் இரண்டு துண்டு, வெள்ளையாக ஒரு சூப். கோட்டில் இருப்பது அந்தச் சூப் இல்லை, தல்லாகுளத்து தக்காளிச் சட்னி.